அத்தியாயம் 7: புத்தகத்தின் பக்கமே போகாதவருக்கு ஒரு புத்தகம்

என் சித்தப்பா கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அவருக்குப் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் வாங்கிக் கொடுத்தேன். கெட்டி அட்டை, பெட்டியோடு. வாங்கும்போதே எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அது டிவி ஸ்டாண்டில், செட்டாப் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. கட்டிலில் படுத்தபடி ரிமோட்டை அழுத்தினால் எட்டவில்லை என்று பாக்ஸை உயர்த்தி வைத்திருந்தார்கள். "நல்ல கனமான புஸ்தகம்டா தம்பி, அசையவே மாட்டேங்குது" என்றார் சித்தப்பா. கிண்டலெல்லாம் இல்லை. மனதாரத்தான் பாராட்டினார்.

தப்பு அவர் மேல் இல்லை, கல்கி மேலும் இல்லை. கடையில் நின்றபோது நான் சித்தப்பாவை நினைக்கவே இல்லை. பதினாறு வயதில், ஒரு கோடை விடுமுறையில், சோறு தண்ணி மறந்து அதைப் படித்து முடித்த என்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பரிசை எனக்கே கொடுத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். படிக்கிற பழக்கமுள்ள எல்லோரும் செய்கிற தவறு இது. படிக்காதவருக்குப் புத்தகம் வாங்கக் கிளம்பும்போது நமக்குப் பிடித்த புத்தகம்தான் முதலில் கைக்கு வரும். அதை வைத்துவிட்டு, வாங்கிக்கொள்ளப் போகிற ஆளை யோசிக்கப் பழக வேண்டும்.

ஒரு வாரம் ஒட்டுக்கேளுங்கள்

"நான் புஸ்தகமெல்லாம் படிக்கிறதில்லப்பா" என்று சொல்பவர் காலையில் டீக்கடையில் தினத்தந்தியை ராசிபலன் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். வாட்ஸப்பில் வருகிற முழ நீளச் செய்தியைப் படித்து, பத்துப் பேருக்கு அனுப்பியும் வைப்பார். மளிகைக் கடை பில்லை வரி வரியாகச் சரிபார்ப்பார். எழுத்தைப் பார்க்காமல் அவருக்கு ஒரு நாளும் கழிவதில்லை. புத்தகம் என்ற பொருளோடுதான் அவருக்கு ஒட்டுதல் இல்லை.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாரம் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று நேரடியாகக் கேட்டுப் பயனில்லை; "ஒண்ணும் வேண்டாம், நீ வந்ததே போதும்" என்பார். எந்தப் பேச்சு வந்தால் அவர் குறுக்கே விழுந்து திருத்துகிறார் என்று கவனியுங்கள். கல்யாண வீட்டில் சாம்பாரை ஒரு வாய் வைத்ததும் பருப்பு வேகவில்லை என்று சொல்கிறாரா? சினிமாவில் நாயகன் மாடு பிடிக்கிற காட்சியில் "இப்பிடிப் பிடிச்சா குடல் சரிஞ்சிரும்" என்கிறாரா? அங்கேதான் அவருக்கான புத்தகம் இருக்கிறது.

பரிசு கொடுப்பவர்கள் பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையில் போகிறார்கள். அவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். புதிதாகத் தெரிந்துகொள்வதில் சந்தோஷம் காண்பது படித்துப் பழகியவரின் குணம். பழகாதவர் தனக்குத் தெரிந்ததை எழுத்தில் பார்க்கும்போதுதான் நிமிர்ந்து உட்காருவார். எழுதினவர் எங்கே சறுக்குகிறார் என்று பார்ப்பதற்காகவே அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

சித்தப்பாவுக்கு இரண்டாம் முறை வாங்கியது சா. கந்தசாமியின் 'விசாரணைக் கமிஷன்'. 1998இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். ஆனால் பரிசு விஷயத்தை நான் அவரிடம் மூச்சுவிடவில்லை. "இதுல ஒரு கண்டக்டர் வர்றார் சித்தப்பா. பொண்டாட்டி டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். சித்தியும் டீச்சர்தான். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எந்த டிப்போ?" என்று கேட்டார்.

கண்ணைக் கேட்காமல் புத்தகம் வாங்காதீர்கள்

கண்ணாடி என்றதும் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் தமிழர்கள் படிப்பதில்லை என்று மேடைக்கு மேடை வருத்தப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் படிப்பை விட்டவர்களில் பலருக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டியதும் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போய், கிட்டத்தில் இருப்பது மங்கத் தொடங்குகிறது. டிவி தெரியும், எதிரே வருகிற பஸ்ஸின் போர்டு தெரியும், ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். புத்தகத்தைப் பெரிதாக்க முடியாது. இரண்டு பக்கத்தில் தலை வலிக்கும். "ஓடலப்பா" என்று மூடி வைத்துவிடுவார். கண்தான் காரணம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அதனால் கடையில் புத்தகத்தை எடுத்ததும் பின்னட்டையைப் படிக்காதீர்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து எழுத்தின் அளவைப் பாருங்கள். தினசரிப் பேப்பரில் செய்தி எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது உங்கள் கண்ணுக்குப் பழக்கம். அதைவிடப் பொடியாக இருந்தால் திரும்ப அடுக்கில் வைத்துவிடுங்கள். எழுதியவர் யாராக இருந்தாலும் சரி.

கல்கி போன்றவர்களின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் ஒரே நாவலைப் பல பதிப்பகங்கள் போடுகின்றன. மலிவுப் பதிப்பில் காகிதத்தை மிச்சம் பிடிக்க எழுத்தைப் பொடியாக்கி, வரிகளை நெருக்கி, ஓரத்தில் விரல் வைக்க இடமில்லாமல் அச்சடித்திருப்பார்கள். அறுபது ரூபாய் லாபம் என்று அதை வாங்கினால் அறுபது ரூபாயும் போச்சு, மீதியும் போச்சு. எழுத்து பெரிதாக, வரிகளுக்கு நடுவே காற்றோட்டமாக இருக்கிற பதிப்பு எது என்று கடைக்காரரையே கேட்கலாம். நல்ல கடைக்காரருக்கு அது தெரியும்.

கட்டமைப்பையும் பாருங்கள். வெறும் பசை போட்டு ஒட்டிய புத்தகம் விரிந்து நிற்காது, இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். பழகாதவருக்கு அதுவே ஒரு சாக்கு. மத்தியானம் படுத்துக்கொண்டு படிக்கிறவராக இருந்தால், கெட்டி அட்டைப் புத்தகம் கண் செருகும் நேரத்தில் மூக்கில் விழும்.

பக்கக் கணக்கு நூற்றைம்பதுக்குள் இருக்கட்டும். பழக்கம் விட்டவருக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்தால் நூற்றைம்பது பக்கம் 5 மணி நேரம். நாளுக்கு 20 நிமிஷம் உட்கார்ந்தால் பதினைந்து நாள். பதினைந்து நாளில் ஒரு புத்தகத்தை முடித்தேன் என்று ஒருவர் சொல்லிக்கொள்ள முடிவது பெரிய விஷயம். ஜோ டி குரூஸின் 'கொற்கை'யும் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்ட'மும் ஆயிரம் பக்கத்துக்கு வருகிறவை. அவற்றை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவருக்குக் கொடுங்கள்.

விட்டுப்போனவர்கள்

படிக்காதவர் என்று நாம் நினைக்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் வெறியாகப் படித்தவர்கள். பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய பாக்கெட் நாவலை வாங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் முடித்தவர்கள். கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம் என்று எங்கோ நூல் அறுந்திருக்கும். இவர்களுக்கு வாங்குவதுதான் சுலபம். விட்ட இடத்தைக் கண்டுபிடித்தால் போதும்.

என் அத்தை வீட்டுப் பரணில் பைண்டு செய்த தொடர்கதைகள் ஒரு அடுக்கு இருந்தன. வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து, சேர்த்து, காலிகோ துணி ஒட்டி அட்டை போட்டவை. பின்பக்கத்தில் பாதி ஜோக்கும் தலைதைல விளம்பரமும் கிடக்கும். ஒரு தீபாவளிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது சிவசங்கரியின் தொடர் ஒன்றைக் கையில் எடுத்து, "இதுல நடுவுல ரெண்டு வாரம் கிடையாதுடா. அப்பதான் உங்க மாமாவுக்கு டைபாய்டு" என்றார். முப்பது வருஷத்துக்கு முந்தைய டைபாய்டு. அந்த நாவல் புத்தகமாக வந்திருக்கிறதா என்று தேடி, கண்டுபிடித்து, மறுமாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை. பைண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அறுந்த இடத்தைத் தேடி, அந்த இரண்டு வாரத்தை மட்டும் நின்றபடியே படித்தார். அடுப்பில் பால் பொங்கிவிட்டது. முழுசையும் அதற்கப்புறம் படித்தார்.

க்ரைம் கதைக்காரர்களுக்கு ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் இருக்கிறார்கள். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் இருக்கிறார்கள். சிரிக்கப் பிடித்தவருக்கு தேவனின் 'துப்பறியும் சாம்பு', பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி. இதையெல்லாம் பரிசாகக் கொடுப்பது உங்கள் இலக்கிய கௌரவத்துக்குக் குறைச்சல் என்று தோன்றினால், தயவுசெய்து அவருக்கு ஒரு சட்டைத் துணி எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

படம் பார்த்தவருக்குப் பாதி வேலை முடிந்தது

கதை முன்னாடியே தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்பது நம் கவலை. பழக்கமில்லாதவருக்கு நேர்மாறு. யார் யாருக்கு என்ன உறவு, ஊர் எது, சண்டை எதனால் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் முதல் முப்பது பக்கத்தின் திணறல் இருக்காது. 'அசுரன்' படத்தை மூன்று முறை பார்த்தவர் வீட்டில் இருந்தால் பூமணியின் 'வெக்கை'யைக் கொடுங்கள். 1982இல் வந்த சின்ன நாவல். படத்திலிருந்து எங்கெங்கே விலகுகிறது என்று அவரே வந்து சொல்வார். 'விசாரணை' பார்த்தவருக்கு மு. சந்திரகுமாரின் 'லாக்கப்'. எழுதியவர் கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டியவர், ஆந்திராவில் போலீஸ் பிடியில் தான் பட்டதைத்தான் எழுதினார். "ஆட்டோ டிரைவர் எழுதினது" என்ற ஒரு வாக்கியம் பத்து அணிந்துரைக்குச் சமம்.

'பொன்னியின் செல்வன்' படமாக 2022இலும் 2023இலும் வந்தபோது என் சித்தப்பா இரண்டையும் பார்த்தார். செட்டாப் பாக்ஸ் அசையவில்லை. எல்லா வழியும் எல்லோருக்கும் திறக்காது.

சினிமாவில் ஷூட்டிங் எப்படி நடக்கிறது என்று பேசுவதில் ஆர்வமுள்ளவருக்கு அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்'. அவர் ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷம் வேலை பார்த்தவர், உள்ளே இருந்து எழுதினார். ஆடு வளர்க்கிறவருக்குப் பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. விலங்குகள் மேல் பிரியமானவருக்கு ஜெயமோகனின் 'யானை டாக்டர்'. வனத்துறைக் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையை வைத்து எழுதியது. தனிச் சிறுநூலாகவும் வந்திருக்கிறது. ஒரே மூச்சில் முடிகிற அளவு.

வீட்டுப் பேச்சு

பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்தவர்கள் பலருக்குத் தமிழ்ப் புத்தகம் என்றாலே மனப்பாடப் பகுதியும் கோனார் உரையும்தான். 'ஆகையினால்', 'எனினும்' என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் போதும், எட்டாம் வகுப்பு வாத்தியார் பிரம்போடு வந்து நின்றுவிடுவார். இவர்களுக்குத் தங்கள் ஊர்ப் பேச்சில் எழுதப்பட்டதைக் கொடுக்க வேண்டும். கோவில்பட்டிக்காரருக்கு கி. ராஜநாராயணன், நாகர்கோவில்காரருக்கு நாஞ்சில் நாடனும் தோப்பில் முகமது மீரானும், விருத்தாசலம் பக்கத்தவருக்கு இமையம். வீட்டில் பேசுகிற சொல் அச்சில் வரும் என்பதே சிலருக்கு அதிசயம்.

இதிலேயே ஒரு தந்திரம் உண்டு. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கதையே வேண்டாம், அகராதி கொடுங்கள். கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி ஒன்று உண்டு. பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' 2000இல் வந்தது. ஈரோட்டுப் பக்கத்துக்காரரான என் மாமனார் ஜாதகம் தவிர எந்தப் புத்தகத்தையும் விரித்து நான் பார்த்ததில்லை. அவருக்கு இந்தக் கொங்கு அகராதியைக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து எங்கோ ஓரிடத்தில் திறந்தார். ஒரு சொல்லை வாய்விட்டுப் படித்தார், சிரித்தார். உள்ளே இருந்த மாமியாரைக் கூப்பிட்டு இன்னொன்றைக் கேட்டார். அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து சேர்ந்து, ஒரு சொல்லுக்குப் பொருள் இதுவா அதுவா என்று சண்டை. ஆரம்பமும் முடிவும் இல்லாத புத்தகம் ஆகையால் எங்கே விட்டோம் என்ற கவலை கிடையாது. அடுத்த முறை போனபோது வாசலிலேயே மறித்து, "ரெண்டு மூணு வார்த்தை வுட்டுப் போச்சுங்க மாப்பிள்ளை, எழுதி வெச்சிருக்கறனுங்க" என்றார். பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

கொடுக்கக் கூடாதவை

சர்க்கரை நோய் வந்தவருக்குச் சர்க்கரை நோய்ப் புத்தகம். வியாபாரம் நொடித்தவருக்கு வெற்றிக்கு வழி. பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்ட வீட்டுக்குக் குழந்தை வளர்ப்பு. இவை பரிசு இல்லை, குற்றப்பத்திரிகை. தலைப்பைப் பார்த்ததுமே, 'என்னைப் பற்றி இவன் இப்படி நினைக்கிறான்' என்று அவருக்குப் புரிந்துவிடும். ஆன்மிகப் புத்தகமும் அப்படித்தான். அவராகக் கேட்டாலொழிய வேண்டாம்.

கல்யாணத்துக்குத் திருக்குறள் கொடுப்பது நல்ல வழக்கம்தான். ஒரே மேடையில் நான்கு திருக்குறள் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். மொய்க் கவருக்குப் பதிலாகப் புத்தகம் கொடுப்பதானால், கவரையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

கொடுக்கும் விதம்

நம் புத்தகங்களில் கதை ஆரம்பிப்பதற்குள் பதிப்புரை, வாழ்த்துரை, அணிந்துரை, முன்னுரை, என்னுரை, நன்றியுரை என்று ஒரு பந்தியே நடந்து முடிந்துவிடும். படித்துப் பழகியவர் இதைத் தாண்டிக் குதித்துவிடுவார். பழகாதவர் முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காக ஆரம்பித்து, அணிந்துரையிலேயே தூங்கிப்போவார். கதை எந்தப் பக்கத்தில் தொடங்குகிறதோ அங்கே ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வையுங்கள். சிறுகதைத் தொகுப்பு என்றால், அவருக்குப் பிடிக்கும் என்று நீங்கள் நினைக்கிற ஒரே ஒரு கதையில் செருகுங்கள். "இதை மட்டும் பாருங்க, மத்ததை விட்டுருங்க" என்று சொல்ல உங்களுக்கு மனம் வர வேண்டும்.

முதல் தாளில் எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகங்களைப் புரட்டினால் தெரியும். "வாசிப்பு உன் வாழ்வை உயர்த்தட்டும்" என்று மணிமணியான கையெழுத்தில் எழுதி, தேதி போட்டு, கீழே முழுப் பெயர். உள்ளே ஒரு பக்கம்கூட மடிந்திருக்காது. உபதேசம் எழுதாதீர்கள். "நாம ரெண்டு பேரும் அந்த லாட்ஜ்ல மூட்டைப்பூச்சி கடிச்சு முழிச்சிருந்த ராத்திரி மாதிரி ஒரு ராத்திரி இதுல வருது" என்று உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை எழுதுங்கள். அந்த ராத்திரியைத் தேடியாவது புரட்டுவார்.

பிறந்தநாள், மேடை, பொன்னாடை எல்லாம் வேண்டாம். சும்மா ஒரு நாள் போகும்போது வாழைப்பழம், காராசேவு வாங்கிப் போகிற பையிலேயே போட்டுக்கொண்டு போங்கள். கொடுத்தபின் "படிச்சிட்டீங்களா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்த நிமிஷம் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். உங்களைப் பார்த்தால் அவர் வேறு தெருவில் போகத் தொடங்குவார். பாதியில் விட்டுவிட்டேன் என்று அவரே சொன்னால், "நானும் பல புஸ்தகத்தைப் பாதியில விட்டிருக்கேன்" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதானே.

வாங்குகிற இடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடக்கிறது, பத்து சதவீதம் கழிவு உண்டு, எல்லாப் பதிப்பும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். ஆனால் பொங்கல் விடுமுறைக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு எழுத்து அளவைப் பார்க்க முடியாது. வார நாளில், மத்தியானத்தில் போங்கள்.

சித்தப்பா 'விசாரணைக் கமிஷ'னை முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. நான் கேட்கவில்லை; சித்திதான் ஃபோனில் சொன்னார், தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் விரலை வைத்துக்கொண்டு படிக்கிறார் என்று. அடுத்த முறை ஊருக்குப் போனபோது, சாப்பிட்டு எழுந்து கை துடைத்துக்கொண்டே, "அந்த ஆளுக்கு யாரோ கண்டக்டர் உக்காந்து சொல்லிக் குடுத்திருக்கான்டா" என்றார். பிறகு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"ஏன்டா தம்பி, செக்கரப் பத்தி யாராச்சும் எழுதியிருக்காங்களா? நடு ரோட்டுல வண்டிய நிறுத்தி, இன்வாய்ஸப் புடுங்கிப் பார்த்துட்டு, என்னமா ஆட்டம் போடுவானுங்க..."

தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை.